பெடெக்ஸ் ரூட்டா, அமேசான் வேனா: டிரைவர் தலைவலி எதில் குறைவு?

அமெரிக்காவில் பார்சல் டெலிவரி ஒப்பந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது லாபம் எவ்வளவு என்பதைத்தான். ஆள் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் பெட்டிகள் தாமாக வந்துவிடும், வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அலைய வேண்டியதெல்லாம் டிரைவருக்காகத்தான். அதனால் பெடெக்ஸின் தரைவழி டெலிவரிப் பிரிவான பெடெக்ஸ் கிரவுண்டின் ஒப்பந்தத்தையும், அமேசானின் டிஎஸ்பி (டெலிவரி சர்வீஸ் பார்ட்னர்) என்ற ஒப்பந்ததாரர் திட்டத்தையும் அந்த ஒரு கோணத்திலேயே வைத்துப் பார்க்கிறேன்.

பெடெக்ஸ் கிரவுண்டில் ஒரு வட்டாரத்தின் ரூட்டுகளை (ஒரு வண்டி ஒரு நாளில் பார்சல் கொடுத்து முடிக்கும் பாதைதான் ரூட்), பெரும்பாலும் ஏற்கெனவே நடத்திவருபவரிடமிருந்து விலைக்கு வாங்குகிறோம். வண்டிகளும் நம்முடையவை. முன்பெல்லாம் அங்கே டிரைவர்களையே தனித்தனி ஒப்பந்ததாரர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். 2014இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கலிபோர்னியா டிரைவர்களை ஊழியர்கள்தான் என்று சொல்ல, மறுவருடம் 22.8 கோடி டாலருக்குச் சமரசம் பேச வேண்டியதாயிற்று. இன்றைய முறையில் டிரைவர் நம் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஊழியர். வரிப் பிடித்தம், விபத்துக் காப்பீடு எல்லாம் நம் பொறுப்பு.

அமேசானின் டிஎஸ்பி 2018இல் வந்தது. 10,000 டாலரில் தொடங்கலாம், 20 முதல் 40 வேன் வரை ஓட்டலாம் என்று விளம்பரம் செய்தார்கள். வேன் குத்தகை, செயலி, சீருடை எல்லாம் அவர்கள் ஏற்பாடு. பெடெக்ஸ் ரூட்டைப் போல அதை வளர்த்து இன்னொருவருக்கு விற்றுவிட முடியாது.

சரி, ஆள் கணக்குக்கு வருவோம். பெடெக்ஸில் 10 ரூட், வாரம் ஏழு நாளும் ஓட வேண்டும், டிரைவருக்கு ஐந்து நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 14 பேர் வேண்டும். உடம்பு சரியில்லாதவர், சொல்லாமல் நின்றுவிடுபவர் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் 16 இல்லாமல் நிம்மதியாகத் தூங்க முடியாது. அமேசானில் பத்து மணி நேர ஷிப்ட், வாரம் நான்கு நாள் என்பதே பழக்கம். 30 ரூட்டுக்கு 53 பேர். உபரி ஆட்களையும் சேர்த்தால் அறுபதைத் தொடும். அறுபது பேரை வைத்திருப்பவர் எல்லா மாதமும் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருப்பார். பின்னணிச் சோதனை, பயிற்சி, அட்டவணை என்று அதற்கே தனி ஆள் வேண்டும்.

டிரைவர் ஏன் வேலையில் தங்குகிறார், ஏன் விட்டுப் போகிறார் என்பதில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். பெடெக்ஸில் ரூட் கிட்டத்தட்ட நிலையானது. ஆறு மாதம் ஒரே தெருக்களைச் சுற்றியவருக்கு எந்த வீட்டில் நாய், எந்த அபார்ட்மென்டில் கேட் எண், எந்தக் கடை நான்கு மணிக்கு மூடும் என்பதெல்லாம் மனப்பாடம். வேலை சீக்கிரம் முடிகிறது. நாள் சம்பளத்தில் இருப்பவர் சீக்கிரம் வீட்டுக்கும் போகிறார். அந்தச் சுகமே அவரைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவர் திடீரென்று போய்விட்டால் அந்த ரூட் சில வாரங்களுக்கு நொண்டும், பல நேரம் முதலாளியே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டிவரும்.

அமேசானில் ரூட்டைத் தினமும் மென்பொருள் போடுகிறது. புது ஆள் செயலி காட்டும் வரிசையில் போனால் போதும், சில நாளில் பழகிவிடுவார். ஆனால் வேகமாக முடித்தால் இன்னொருவருக்கு உதவ அனுப்புவார்கள், அதற்கு ‘ரெஸ்க்யூ’ என்று பெயர். நன்றாக வேலை செய்பவருக்கே கூடுதல் வேலை விழும்போது அவர் எத்தனை நாள் இருப்பார்? அமேசான் ரூட் எண்ணிக்கையைக் குறைக்கும் வாரங்களில் டிரைவருக்கு வேலை நாளும் குறையும். அவர் வேறு வேலை தேடத் தொடங்குவதும் அப்போதுதான்.

சம்பளத்தில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மொத்த எடைத் தரம் (வண்டியும் சுமையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை) 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டுபவருக்கு மத்திய ஓவர்டைம் சட்டத்தில் பொதுவாக விலக்கு உண்டு. அதற்குட்பட்ட வண்டி என்றால் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுத்தாக வேண்டும். அமேசான் வேன்களில் பெரும்பாலானவை இந்தச் சிறிய வகை. பெடெக்ஸ் ஒப்பந்ததாரர் பெட்டி வடிவப் பெரிய டெலிவரி வண்டியான ஸ்டெப் வேனோடு நாலைந்து சின்ன வேனும் கலந்து வைத்திருந்து, எல்லாருக்கும் ஒரே நாள் சம்பளம் கொடுத்தால் வம்பு தேடி வரும். சின்ன வேன் ஓட்டிய வாரத்துக்கு அந்த டிரைவருக்கு ஓவர்டைம் உண்டு. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். பெரிய வண்டிக்கு மருத்துவச் சான்றும் டிரைவரின் தகுதி ஆவணக் கோப்பும் கட்டாயம், அதனால் ஆள் கிடைப்பதும் தாமதம்.

இரண்டு பேருக்குமே எதிரில், டிரைவர்களைத் தானே நேரடியாக வேலைக்கு வைக்கும் போட்டி பார்சல் நிறுவனமான யுபிஎஸ் நிற்கிறது. 2023இல் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படி அங்கே முழுநேர டிரைவரின் உச்சக் கூலி சராசரியாக மணிக்கு 49 டாலர் வரை போகிறது. ஒப்பந்ததாரர் அந்தப் பக்கமே போக முடியாது. நம்மிடம் பழகிய நல்ல டிரைவர் அங்கே இடம் கிடைத்தால் போவார், அதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அதிகாரம் எவ்வளவு நம் கையில் என்றால், அமேசானில் கொஞ்சம்தான். வண்டிக்குள் கேமரா, வாராவாரம் ஸ்கோர்கார்டு. டிரைவரைத் திட்டும் வேலை நமக்கு, அளவுகோல் அவர்களுக்கு. 2023இல் கலிபோர்னியாவின் பாம்டேலில் ஒரு டிஎஸ்பியின் டிரைவர்களும் டிஸ்பாட்ச் ஊழியர்களுமாக 84 பேர் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள், முதலாளியும் அங்கீகரித்தார். அந்த டிஎஸ்பியோடு இருந்த ஒப்பந்தத்தை முன்பே முடித்துவிட்டோம் என்றது அமேசான். பெடெக்ஸிலும் எல்லாம் சுகமில்லை. 2022இல் செலவு உயர்வுக்கு ஏற்பக் கட்டணம் வேண்டும் என்று பெரிய ஒப்பந்ததாரர் ஸ்பென்சர் பேட்டன் குரல் எழுப்பினார், அவருடைய ஒப்பந்தம் ரத்தானது. ஆனால் சம்பளம், போனஸ், யாருக்கு எந்த ரூட் என்ற முடிவுகள் பெடெக்ஸில் நம்முடையவை. டிரைவரைத் தக்கவைக்க முதலாளிக்கு இருக்கும் கருவிகளே அவைதான். அதனால் முதலீட்டுக்குப் பணம் இருந்தால் நான் பெடெக்ஸ் பக்கம்தான் சாய்வேன். கையில் பணம் குறைவு, ஆட்களை நிர்வகித்த அனுபவம் நிறைய என்பவருக்கு அமேசான் பொருந்தும்.

எச்1பி விசாவில் இருந்துகொண்டு ‘மேனேஜர் பார்த்துக்கொள்வார்’ என்று இறங்க நினைப்பவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். டிரைவர் வராத காலை நீங்கள் போய் வண்டி எடுப்பதுகூட விசா விதியை மீறுவதாகிவிடும்.

பெடெக்ஸ் ரூட் வாங்கப் போனால், லாபக் கணக்கோடு கடந்த ஆண்டின் சம்பளப் பட்டியலையும் கேளுங்கள். 10 ரூட்டுக்கு வருடத்தில் எத்தனை பெயர்கள் வந்து போயின என்று எண்ணுங்கள். விற்பவர் தாமே வாரத்தில் மூன்று நாள் ஓட்டுகிறாரா என்றும் கேளுங்கள். ஓட்டுகிறார் என்றால் ஒரு டிரைவருக்கான செலவு அந்த லாபத்தில் கழிக்கப்படாமல் கிடக்கிறது, அதைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.