பாடமா, விளையாட்டா, வீட்டுக் கணக்கா, மாதப் பணமா? பிள்ளைகளுக்குச் செலவு பழக்கும் வழிகள்

என் மகளுக்கு 14 வயது இருக்கும்போது ஒருநாள் கேட்டேன், "நம்ம வீடு ஒரு மாசம் நடக்க எவ்வளவு ஆகும்னு நினைக்கிற?" கொஞ்சம் யோசித்து ஒரு தொகை சொன்னாள். அது எங்கள் வீட்டு வாடகைக்கே பத்தாது. கணக்கில் அவள் மோசமில்லை, சதவீதம், வட்டி எல்லாம் சரியாகப் போடுவாள். ஆனால் அவளுக்கு விலை தெரிந்ததெல்லாம் ஷூ, ஹெட்போன், சினிமா டிக்கெட் என்று அவளே ஆசைப்பட்டுப் பார்த்த பொருட்களுக்குத்தான். வாடகை, மின்கட்டணம், இன்சூரன்ஸ், பல் டாக்டர் இதெல்லாம் அவள் கண்ணில் படாமலேயே எங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தன. அதிலிருந்து அவளுக்கும், அடுத்து தம்பிக்கும் செலவு பழக்க எல்லோரும் சொல்கிற நான்கு வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன், இரண்டு பேரிடமும் சேர்த்து ஐந்து வருடம் ஆகிறது. நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் நான் கண்டது.

முதலில் பாடம். பள்ளியில் நடக்கும் நிதிக் கல்வி வகுப்போ, ஆன்லைன் வீடியோ கோர்ஸோ, எதுவானாலும் சரி. இதற்கு உலக அளவில் ஆதரவு அதிகம். 15 வயதுப் பிள்ளைகளின் கல்வியை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா தேர்வில் 2012 முதல் பண அறிவுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் 2014-ல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் என்ற மூன்று பேர் அதுவரை வந்த 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாட்டில் வெறும் 0.1 சதவீதத்தைத்தான் இந்தக் கல்வியால் விளக்க முடிந்தது. பல மணி நேரம் சொல்லிக் கொடுத்தாலும் 20 மாதம் போனால் பலன் ஏறக்குறைய கரைந்துவிடுகிறது என்றும் எழுதினார்கள். 2022-ல் கைசர், லுசார்டி குழுவினர் 76 சோதனைகளை அலசி, இல்லை, பலன் இருக்கத்தான் செய்கிறது என்று காட்டினார்கள். இரண்டையும் சேர்த்து வைத்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பாடம் வேண்டாம் என்றில்லை, அது தேவைப்படும் நேரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். 13 வயதில் வீட்டுக் கடனைப் பற்றி மணிக்கணக்கில் சொன்னால் பரீட்சை வரைக்கும் நிற்கும், அவ்வளவுதான்.

அடுத்து விளையாட்டு. பிள்ளையிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, "நீ இன்ன வேலை பார்க்கிறாய், உன் சம்பளம் இவ்வளவு, இதற்குள் ஒரு மாதத்தை ஓட்டு" என்று சொல்வது. பள்ளிகளில் மேசை மேசையாகப் போட்டு ஒருநாள் நடத்துவார்கள், வீட்டில் ஒரு தாளிலேயே செய்யலாம். நான் சம்பளத்தை 100 என்று வைத்து, முதலில் வரி, பிடித்தம் என்று 15-ஐ எடுத்துவிட்டேன். "அதுக்குள்ள யார் எடுத்தாங்க?" என்று இரண்டு பேருமே அதிர்ந்தார்கள், சொன்ன சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் வேறு வேறு என்பது அங்கேயே பதிந்தது. அப்புறம் அவர்கள் ஊரிலேயே உண்மையான வாடகை விளம்பரம் ஒன்றைத் தேடி எடுக்கச் சொன்னேன், கற்பனைத் தொகை கூடாது. மகன் பால்கனி வைத்த வீடாகப் பார்த்து எடுத்தான், கைக்கு வந்த 85-ல் 55 அதிலேயே போனது, பிறகு அவனே தாளை அழித்து, நண்பனோடு பங்கு போடும் வீடாக மாற்றினான். 2005 வாக்கில் அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் பரப்பிய 50-30-20 கணக்கை, அதாவது தேவைக்குப் பாதி, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 என்பதை, இந்த விளையாட்டில் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வாடகை கூடுதலான ஊர்களில் அந்தப் பாதி நிற்காது என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வாடகை, வரி மாதிரி இந்த வயதில் வாழ்ந்து பார்க்க முடியாத செலவுகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. குறை என்னவென்றால், தோற்றால் ஒன்றும் ஆகாது. தாளை அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

மூன்றாவது, வீட்டுக் கணக்கைத் திறந்து காட்டுவது. பெற்றோர் அதிகம் தயங்குவது இதற்குத்தான், எனக்கு அதிகம் பயன்பட்டதும் இதுதான். மூன்று மாத பில்களையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து மேசையில் போட்டு மகளிடம், "இதைக் குவியல் குவியலாப் பிரி" என்று மட்டும் சொன்னேன். எது எந்தக் குவியல் என்று நான் சொல்லவில்லை. வாடகை ஒரு குவியல், சாப்பாடு ஒரு குவியல் என்று போய்க்கொண்டிருந்தவள், வருடத்துக்கு ஒருமுறை கட்டும் இன்சூரன்ஸ் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அம்மா, இது எந்த மாசத்துக் கணக்குல சேரும்?" என்றாள். எந்தப் பாடத்திலும் எந்த விளையாட்டிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. வீடுகளில் துண்டு விழுவது பெரும்பாலும் மாதாமாதம் வரும் செலவால் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவை, திடீரென்று பழுதாகும் ஃப்ரிட்ஜ், இவைதான் கையைக் கடிக்கும். 1200 வருகிற ஒரு வருடச் செலவை 12-ஆல் வகுத்து, மாதம் 100 தனியாக எடுத்து வைத்தால் அது மாதச் செலவாகிவிடுகிறது. அன்று சாயங்காலம் முழுக்க அவள் அப்படி வருடச் செலவுகளைத் தேடித்தேடி வகுத்துக்கொண்டிருந்தாள், நான் மறந்திருந்த இரண்டு சந்தாக்களையும் பிடித்தாள்.

இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. ஒன்று, "பார், உனக்காக எவ்வளவு செலவாகுது" என்று குத்திக்காட்ட இதைப் பயன்படுத்தக் கூடாது, ஒரே ஒரு முறை சொன்னாலும் பிள்ளை அப்புறம் அந்த மேசைக்கு வராது. இரண்டு, வீட்டில் கடனோ வேலை இழப்போ இருந்தால் தொகையை மட்டும் காட்டி விட்டுவிடாதீர்கள், இதை எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வழி தெரியாமல் தொகை மட்டும் தெரிந்தால் அது வெறும் பயம்.

நான்காவது மாதப் பணம். வெறும் பாக்கெட் மணி இல்லை, ஏதாவது ஒரு செலவுத் தலைப்பையே அவர்கள் கையில் ஒப்படைப்பது. மகனுக்கு 15 வயதில் உடை, போன் ரீசார்ஜ், நண்பர்களுக்கான பரிசு மூன்றையும் ஒப்படைத்தோம். போன வருடம் அவற்றுக்கு நாங்கள் செலவழித்ததை 12-ஆல் வகுத்து அந்தத் தொகையை 1-ஆம் தேதி கொடுத்தோம். முதல் மாதம் ஒரே வாரத்தில் ஒரு ஜாக்கெட்டில் பாதிக்கு மேல் போனது. 20-ஆம் தேதி ரீசார்ஜ் தீர்ந்தது, அவன் முகத்தைப் பார்த்து நான் போட்டுவிட்டேன். அது என் தவறு. அடுத்த மாதமும் அதே கதை, ஏனென்றால் 20-ஆம் தேதி அம்மா போடுவாள் என்பதுதான் அவன் கற்றது. மூன்றாம் மாதம் போடவில்லை. பத்து நாள் வீட்டு வைஃபையோடு மட்டும் இருந்தான், கோபப்பட்டான், நான்காம் மாதம் முதல் தேதியிலேயே ரீசார்ஜை முடித்துவிட்டு மீதியை எண்ணினான்.

எதை ஒப்படைப்பது என்பதில்தான் சூட்சுமம். தீர்ந்துபோனால் வலிக்க வேண்டும், ஆபத்து வரக் கூடாது. சாப்பாடு, மருந்து, பள்ளிக்குப் போய்வரும் பயணம் மூன்றையும் ஒருபோதும் அந்தத் தொகைக்குள் வைக்காதீர்கள். 12, 13 வயதுக்கு ஒரு மாதம் நீளம் அதிகம், வாரக் கணக்கில் தொடங்கிப் பிறகு மாதமாக்கலாம். வீட்டு வேலை செய்தால்தான் பணமா என்று கேட்பவர்களுக்கு: நான் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை, பாத்திரம் கழுவுவது வீட்டில் இருக்கிற எல்லோருடைய வேலை.

ரொக்கமா ஆப்பா என்பது தனிச் சண்டை. 2001-ல் வெளியான பிரெலெக், சிமெஸ்டர் ஆய்வில் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றபோது கேட்டதைவிட கிரெடிட் கார்டு என்றபோது மிக அதிகமாகக் கேட்டார்கள். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-ல் தொடங்கிவைத்த வீட்டுக் கணக்கு நோட்டு இன்றும் புழக்கத்தில் இருப்பதற்குக் கையால் எழுதுவதே காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆப் தானாகவே பதிந்துவிடுகிறது, வட்ட வரைபடமும் காட்டுகிறது, பிள்ளை அதைத் திறந்தே பார்ப்பதில்லை. முதல் மூன்று மாதம் ரொக்கம் வைக்க உறையும், செலவு எழுத நோட்டும், அப்புறம் ஆப். பெரியவர்களாகும்போது அவர்கள் கையில் ரொக்கம் அதிகம் இருக்கப் போவதில்லை என்பதால் அதையும் பழகித்தான் ஆக வேண்டும்.

இன்று தொடங்கச் சொன்னால் நான் போகும் வரிசை இதுதான்: 13 வயது வாக்கில் வீட்டுக் கணக்கு, கையோடு ஒரு சிறு தலைப்பு ஒப்படைப்பு, வீட்டைவிட்டுப் படிக்கவோ வேலைக்கோ போவதற்கு ஆறு மாதம் முன்பு வாடகை விளையாட்டு, முதல் கார்டு வாங்குவதற்கு முந்தைய வாரம் கடன் பாடம். மகளுக்கு அந்தக் கடைசிப் பாடத்தைப் போன மாதம்தான் எடுத்தேன். 1000 கடன், மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை என்று 50 கட்டுகிறாய், மீதி 950-க்கு 28.50 வட்டி ஏறுகிறது, அடுத்த மாதம் நிற்கும் கடன் எவ்வளவு? 978.50 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "50 கட்டி 21.50தான் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள், பிறகு நான் சொல்லாமலேயே இரண்டாம் மாதத்தையும் மூன்றாம் மாதத்தையும் போட ஆரம்பித்தாள்.