எட்னா ஓப்ரையன்: முதல் நாவலா, கடைசி நாவலா?

அயர்லாந்து எழுத்தாளர் எட்னா ஓப்ரையனை இதுவரை படிக்காதவர்கள் எதில் தொடங்கலாம்? 1960-இல் வந்த ‘தி கன்ட்ரி கேர்ள்ஸ்’ ஒரு பக்கம், 2019-இல் வந்த ‘கேர்ள்’ இன்னொரு பக்கம்.

முதலாவதை லண்டனில் மூன்றே வாரத்தில் எழுதி முடித்தார். அவர் பிறந்து வளர்ந்த, அயர்லாந்தின் கிளேர் பகுதியின் சாயல் அதில் நன்றாகவே தெரியும். குடிகார அப்பா, ஏரியில் மூழ்கி இறக்கும் அம்மா, கன்னியர் மடத்துப் பள்ளி. அங்கிருந்து வெளியேற்றப்பட வேண்டும் என்றே, புனிதப் படத்தின் பின்னால் அசிங்கமாக எழுதி வைக்கிறார்கள் கேட், பாபா என்ற இரு தோழிகள். பெண்ணின் ஆசையை ஒளிக்காமல் சொன்ன இந்த நாவலை அயர்லாந்து தணிக்கைக் குழு தடை செய்தது. பாபாவின் துடுக்குப் பேச்சுக்காகவே இன்னொரு தடவை படிக்கலாம்.

‘கேர்ள்’ வேறு உலகம். எண்பத்தைந்து வயதைத் தாண்டியபின் நைஜீரியாவுக்கே போய், பள்ளி மாணவிகளைக் கடத்திய போகோ ஹராம் தீவிரவாதிகளிடமிருந்து தப்பிய பெண்களைச் சந்தித்து எழுதியது. கைக்குழந்தையோடு தப்பி வரும் நாயகி மரியமைச் சொந்த ஊரே சந்தேகமாகப் பார்க்கிறது. வன்முறையைப் படிக்கத் தாங்காதவர்கள் தள்ளிப்போடுவது நல்லது.

என் ஓட்டு முதலாவதற்குத்தான். அது பிடித்துவிட்டால் கேட், பாபா கதையைத் தொடரும் இன்னும் இரண்டு நாவல்கள் இருக்கின்றன. ‘கேர்ள்’ அப்புறம்.