ரெக்சின் டாப், ஃபைபர் கூரை வண்டிக்கு ரேடியோ ஏரியல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஆட்டோ, ஃபைபர் கூரை வேன், கேன்வாஸ் டாப் ஜீப் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேடியோ சரியாக எடுக்கவில்லை என்று ஆக்சசரீஸ் கடைக்குப் போனால், நம் வண்டிக்கு ஒத்தே வராத சரக்கைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். என்னிடம் கறந்தது 2,350 ரூபாய். கடை தண்டையார்பேட்டை பக்கம். பெயரைப் போடவில்லை, இதே பேச்சு பேசி இதே சரக்கை விற்கிற கடைகள் வேறு இடத்திலும் இருக்கின்றன.

என்னுடையது எல்.பி.ஜி. ஆட்டோ, ரெக்சின் டாப். ராயபுரம் ஸ்டாண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அங்கே ரேடியோ இல்லாமல் உட்கார முடியாது. பழைய ராடு ஏரியல் ஒடிந்த பிறகு எஃப்.எம்.-இல் சூரியன் 93.5 மட்டும் ஏதோ கேட்டது. ரெயின்போ 101.4-ம் கோல்டு 102.3-ம் கரகரவென்று இரைந்தன.

கடைக்காரர் ஷார்க் ஃபின் ஏரியலைக் காட்டினார். பெரிய கார்களின் கூரையில் பின்பக்கம் சின்னதாக ஒன்று இருக்குமே, அது. "புது டெக்னாலஜிண்ணே, ராடெல்லாம் ஓல்டு" என்றார். விலை 1,450. மாட்டுவதற்கு முன்னால் செட்டில் சொருகி, கையில் பிடித்தபடி போட்டுக் காட்டினார். பாட்டு கணீரென்று வந்தது. "இன்னாண்ணே, ஓகேவா?" ஓகேதான். அப்புறம் டாப்பின் பின்பக்கம் டேப் வைத்து ஒட்டி, கேபிளைப் பின்னால் இறக்கி, மெயின் வயரிங் கட்டோடு சேர்த்து முன்னால் இருக்கிற செட்டுக்குக் கொண்டுவந்தார். என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பாட்டுக்கு மேல் டர்ர்ர் என்று சத்தம். ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க அதுவும் ஏறுகிறது.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "உங்க ஏரியால டவர் வீக்குண்ணே, பூஸ்டர் போட்டா சரியாப்பூடும்" என்றார். பூஸ்டர் 900 ரூபாய். சிவப்பு லைட் எரிகிற ஒரு குட்டிப் பெட்டி. அதைப் போட்டதும் பாட்டும் பெரிதானது, டர்ர்ரும் பெரிதானது. இன்னொரு கூத்து, 93.5-இன் பாட்டு வேறு ஸ்டேஷன் வைத்தாலும் பின்னால் மெலிதாகக் கேட்க ஆரம்பித்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஒட்டுனத எடுத்துட்டா டேப் போச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

காசிமேட்டில் படகுகளுக்கு வயர்லெஸ் செட் ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவர் என் வாடிக்கை. அவர்தான் அந்த ஷார்க் ஃபின்னைப் பிரித்தார். உள்ளே சின்ன ஸ்பிரிங் கம்பி ஒன்று. நடு வயர் அதில் பற்ற வைத்திருந்தது. நடு வயரைச் சுற்றி வலை மாதிரி ஓடுகிற கேபிளின் வெளிப்பின்னலை வெட்டி அப்படியே விட்டிருந்தார்கள், எதிலும் சேர்க்கவில்லை. "இது பொம்மை நைனா" என்றார். நிஜமான கார் ஷார்க் ஃபின்னில் உள்ளே ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதற்குத் தனியாக 12 வோல்ட் போகும், கீழே இரும்புக் கூரையும் இருக்கும். இதில் மூன்றுமே இல்லை. கடையில் கையில் பிடித்துக் காட்டினாரே, அப்போது கட்டை விரல் அடியில் இருந்த கம்பி முனையில் இருந்திருக்கிறது. அவர் உடம்பே ஏரியலாக வேலை செய்தது. என்ஜினும் ஆஃப். கேட்காமல் என்ன செய்யும்? தெரியாமல் விற்றிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

விஷயம் என்னவென்றால், ராடு ஏரியல் என்பது பாதி ஏரியல்தான். மீதிப் பாதி அதன் அடியில் இருக்கிற இரும்பு. எஃப்.எம். 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. அதன் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர், அதாவது சுமார் இரண்டரை அடி. இந்த நீளத்துக்கு ஒரு ராடை இரும்புத் தகட்டின்மேல் நிறுத்தினால், தகடு கண்ணாடி மாதிரி வேலை செய்து கீழேயும் ஒரு ராடு இருப்பது போல் ஆக்கிவிடுகிறது. ரெக்சினும் ஃபைபரும் அதைச் செய்யாது. அப்போது அந்தப் பாதி வேலையைக் கேபிளின் வெளிப்பின்னல் எடுத்துக்கொள்கிறது. என் கேபிளோ இக்னிஷன் காயிலை உரசிக்கொண்டு போயிருந்தது. ஸ்பார்க் பிளக் அடிக்கிற ஒவ்வொரு பொறியும் பாட்டுக்குள் வந்துவிட்டது. பூஸ்டருக்குப் பாட்டு எது, இரைச்சல் எது என்று தெரியாது, வருகிறதை எல்லாம் பெருக்கித் தள்ளும். ஊருக்குள் பலமாக வருகிற ஸ்டேஷன் அதைத் திணறடித்தால் அதன் பாட்டு மற்ற ஸ்டேஷன்களின் மேலும் விழும்.

படகும் ஃபைபர்தானே, அங்கே எப்படி என்று கேட்டேன். கடலில் பேசுகிற வி.எச்.எஃப். செட் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அதற்கு வருகிற ஏரியலில் பல, அடியில் இரும்பே தேவைப்படாத அரை அலை வகையாம். அந்தப் பிரச்சினையை ஏரியல் செய்கிற இடத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள்.

என் வண்டிக்கு அவர் செய்தது ரொம்பச் சாதாரணம். டாப்பையே விட்டுவிட்டு, முன் கண்ணாடி ஓரம் இரும்புச் சட்டத்தில், 75 சென்டிமீட்டர் ராடை போல்ட் போட்டு நிறுத்தினார். பழைய அம்பாசடரில் மட்கார்டில் நிற்குமே, அந்த மாதிரி. போல்ட் உட்காருகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். நம் பக்கம் கடல் காற்றுக்குக் கிரீஸ் பூசாத எர்த் இணைப்பு சீக்கிரமே துருப்பிடித்துப் போகும். கேபிளும் குட்டையானது, என்ஜின் பக்கமே போகவில்லை. ராடும் கூலியும் சேர்த்து 350 ரூபாய். இப்போது மணலி வரை 101.4 சுத்தமாக வருகிறது. வியாசர்பாடி சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் பாட்டு அறுந்துபோகத்தான் செய்கிறது. அதற்கு எந்த ஏரியலும் ஒன்றும் செய்ய முடியாது.

முழுக் கூரையும் ஃபைபராக இருந்து மேலேதான் மாட்ட வேண்டும் என்றால், உள் லைனிங்குக்கு மேல் அலுமினியத் தகடோ கம்பி வலையோ கொடுத்து, ஏரியலின் அடியையும் கேபிளின் வெளிப்பின்னலையும் அதோடு போல்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தகட்டுக்கு இடமில்லையென்றால் 75 சென்டிமீட்டர் உலோகப் பட்டை நான்கை, நான்கு திசையிலும் விரித்தால் போதும். அலுமினிய ஃபாயில் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டுவதை நம்பாதீர்கள். பல டேப்புகளில் பசை மின்சாரம் கடத்தாது, ஒட்டின இடமெல்லாம் அறுந்த மாதிரிதான். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பற்றாது என்பதால் பற்ற வைத்ததாகச் சொன்னால் இழுத்துப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் கடையிலேயே மல்டிமீட்டர் கேட்டு வாங்கி வெளிப்பின்னலையும் பாடியையும் தொட்டால் கிட்டத்தட்ட 0 ஓம் காட்ட வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, கடைக்காரரைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அப்படியும் இரைந்தால் மொபைல் சார்ஜரையும் எல்.இ.டி. பட்டையையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், மட்டமான சார்ஜர் தனியாகவே இரையும்.

எனக்குக் கொடுத்தது ஜி.எஸ்.டி. பில் இல்லை, எஸ்டிமேட் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. தேதியும் தொகையும் அதில் இருக்கிறது. அதை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதற்கு மேல் போவதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். புகாருக்கு அப்புறம் கடைக்காரரே போன் செய்தார், பாதிப் பணம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்கிறார். பூஸ்டரையும் பொம்மையையும் எடுத்துக்கொண்டு முழுசா குடுங்க என்று சொல்லியிருக்கிறேன்.