வடசேரி டான்சனைட் மோதிரம்: கல் நல்ல கல், ஆனால் விரலுக்கு வேண்டாம்

நாகர்கோவில் வடசேரியில் கோவில் நகை செய்யும் கடை ஒன்றில் டான்சனைட் என்ற நீல-ஊதா ரத்தினக்கல் வைத்த மோதிரமும் செய்து தருகிறார்கள். இது 2.01 காரட் ஓவல் கல் வைத்த மோதிரத்தைப் பற்றியது. இதே கல்லைப் பென்டண்டாகக் கட்டி வாங்குவதுதான் புத்தி.

நிறத்துக்குக் குறை சொல்ல முடியாது. வாசல் வெளிச்சத்தில் நல்ல நீலம். உள்ளே மஞ்சள் பல்புக்குக் கீழே கத்தரிப்பூ நிறம் தூக்கலாகிவிடுகிறது. கல்லின் இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பக்கத்தில் பிரித்துக் காட்டும் டைக்ரோஸ்கோப் என்ற சிறு கருவியில் ஒரு கட்டத்தில் நீலம், பக்கத்துக் கட்டத்தில் ஊதா. சாயக் கண்ணாடியில் இப்படி வராது. 1967-ல் தான்சானியாவின் மெரெலானி குன்றுகளில் கண்டெடுக்கப்பட்ட கல் வகை இது. இன்றும் வியாபாரத்துக்கு அங்கிருந்துதான் வருகிறது. தோண்டி எடுக்கும்போது பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். 500, 600 டிகிரி சூட்டில் பழுப்பு போய் நீலம் நிற்கும். கல்லின் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஹீட்டட்' (சூடாக்கியது) என்று இருந்தால் பயப்பட வேண்டாம்.

கட்டுவதற்கு முன் கல்லைத் தனியாக எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இங்கே காட்டினார்கள். காற்றில் 2.01 காரட், தண்ணீரில் மூழ்கவைத்து 1.41, குறைவு 0.60. 2.01-ஐ அதால் வகுத்தால் 3.35, டான்சனைட்டுக்குச் சரியான அடர்த்தி. நீலக்கல்லுக்கு 4.00 வரும். சனிக்கு நீலம் தேடுகிறவர்களுக்கு இது வேறு கல். கடைக்காரரும் அதை மறைக்கவில்லை.

கட்டுவதில்தான் கவனம் வேண்டும். அடியை மூடி அரக்கு வைத்துக் கட்டுவது கோவில் நகை வழக்கம். கெம்புக்கு அது எடுப்பு. டான்சனைட்டில் பக்கவாட்டில் மின்னும் ஊதா செத்துப்போகும். அடி திறந்த கட்டு, அதாவது ஓப்பன் செட்டிங் என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கடினம், வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவில், 6-லிருந்து 7 வரைதான். ஒரு திசையில் சுலபமாகப் பிளக்கும். அதனால்தான் அடிபடும் விரலுக்கு வேண்டாம் என்பது. பிற்பாடு மோதிரத்தின் அளவைக் கூட்டுவதானால், ஆசாரி கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். டார்ச் சூடு பட்டுச் சட்டென்று ஆறினால் விரிசல் விழும். அல்ட்ராசோனிக், ஸ்டீம் இரண்டும் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போகவே வேண்டாம். அந்த மணலில் உள்ள சிர்கான் என்ற கனிமத்தின் கடினம் 7.5, கல்லைக் கீறிவிடும்.

பில் சுத்தம். 2.01 காரட் என்றால் 0.402 கிராம், மொத்த எடையில் அதைக் கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போட்டிருந்தார்கள். கழிக்காத கடையில் கல்லுக்குக் கொடுத்த காசு போக, அதே எடைக்குத் தங்க விலையும் கொடுப்பீர்கள்.