நாலு சேனலா, ஐந்து சேனலா, தனி மோனோவா? சின்ன காருக்கு எந்த ஆம்ப்?

காரில் நாலு டோர் ஸ்பீக்கர் இருக்கிறது, டிக்கியில் ஒரு சப்வூஃபரும் வேண்டும் என்று கடையில் போய் நின்றால் நாலு வழி சொல்வார்கள். நாலு சேனல் ஆம்ப் ஒன்றை வாங்கி, அதன் பின் இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, சப்வூஃபருக்குக் கொடுப்பது ஒன்று. டோர்களுக்கு நாலு சேனல், சப்வூஃபருக்குத் தனியாக ஒரு மோனோ பிளாக் (ஒரே சேனல் ஆம்ப்) என்பது இன்னொன்று. எல்லாம் ஒரே பெட்டிக்குள் வரும் ஐந்து சேனல் மூன்றாவது. நாலாவது, சீட்டுக்கு அடியில் தள்ளிவிடும் ஆக்டிவ் சப்வூஃபர். ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 அளவு காரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். என் ஓட்டு முதல் வழிக்கு. காரணத்துக்கு வருமுன் வாட் கணக்கைப் பார்த்துவிடலாம், பலர் ஏமாறுவது அங்கேதான்.

ஸ்டீரியோவின் முகப்பில் '50 வாட் × 4' என்று போட்டிருக்கும். வண்டி ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட் சொச்சம். அந்த வோல்டேஜை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சின்ன சிப், 4 ஓம் தடை உள்ள ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது ஏறக்குறைய 20 வாட்தான். 50 என்பது சத்தம் கிழிந்த பிறகு எட்டிப் பார்க்கும் எண். ஆம்ப் பெட்டிகளும் இப்படித்தான். பயனியரின் ஜிஎம்-டி8704 மாடலில் 1200 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். 4 ஓமில் அதன் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர், சேனலுக்கு 100 வாட், நாலையும் கூட்டினால் 400. இத்தனைக்கும் அது ஒழுங்கான கம்பெனி, ஆர்எம்எஸ்ஸையும் மறைக்காமல் கொடுக்கிறது. ஊர் பேர் தெரியாத '5000 வாட்' ஆம்ப் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், பக்கவாட்டில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும். 30ஐ 14ஆல் பெருக்கினால் 420. உள்ளே போவதே 420 வாட் என்றால் வெளியே 5000 எங்கிருந்து வரும்?

சரி, முதல் வழி. அதே டி8704ஐ எடுத்துக்கொள்வோம். முன் இரண்டு சேனல் முன் டோர்களுக்கு, ஆளுக்கு 100 வாட். பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்தால் 4 ஓமில் 300 வாட், ஒரு 10 இன்ச் சப்வூஃபருக்கு இது தாராளம். பின் டோர்களை ஸ்டீரியோவிலேயே விட்டுவிடலாம். 'அப்போ பின்னாடி சத்தம் கம்மியாகுமே' என்பார்கள். ஆகட்டும். பாட்டு மேடையிலிருந்து வருவது போல முன்னாலிருந்து கேட்க வேண்டும். பின் ஸ்பீக்கர்களுக்கு வாட் ஏற்ற ஏற்ற அந்த மேடை தலைக்குப் பின்னால் நகர்ந்துபோகும். பெரும்பாலும் முன் சீட்டில் இரண்டு பேர் போகிற வண்டிக்கு இதுவே போதும், செலவும் குறைவு.

இந்த வழியில் ஒரே ஒரு பொறி இருக்கிறது, ஓம். அது குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். பிரிட்ஜ் செய்த இரண்டு சேனலும் சப்வூஃபரின் ஓமைப் பாதியாகத்தான் பார்க்கும். 4 ஓம் சப்வூஃபர் என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓம். இந்த வகை ஆம்ப்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை அதுதான். இப்போது கடைக்காரர் நல்ல விலையில் 'டூயல் 4 ஓம்' சப்வூஃபர் ஒன்றை எடுத்து வைக்கிறார். உள்ளே இரண்டு காயில் (கம்பிச்சுருள்). பேரலலாகச் சேர்த்தால் 2 ஓம், அதாவது சேனலுக்கு 1 ஓம். கொஞ்சம் சத்தம் ஏற்றியதும் ஆம்ப் சூடாகி, புரொடெக்ட் விளக்கு எரிந்து, பாட்டு நின்றுவிடும். சீரீஸில் சேர்த்தால் 8 ஓம். ஆம்புக்கு ஆபத்தில்லை, ஆனால் 300 வாட் ஏறக்குறைய 150 ஆகிவிடும். ஆகவே பிரிட்ஜ் செய்யப்போகிறவர் கேட்டு வாங்க வேண்டியது 4 ஓம் சிங்கிள் காயில், அல்லது சீரீஸில் 4 ஓம் வரும் டூயல் 2 ஓம். சப்வூஃபரை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் ஆம்ப் தேடுகிறவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

கையில் ஏற்கெனவே டூயல் 4 ஓம் இருந்தால் மற்ற இரண்டு வழிகளையும் யோசிக்க வேண்டும். மோனோ பிளாக் என்பது 2 ஓமுக்கும், பல மாடல்களில் 1 ஓமுக்கும் என்றே செய்யப்படுவது. 12 இன்ச், போர்ட் வைத்த பெட்டி, 500 வாட், கண்ணாடி அதிர வேண்டும் என்கிறவருக்கு இதுதான் நேர் வழி. ஆனால் இரண்டு ஆம்ப் என்றால் பவர் வயரைப் பிரிக்க ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பிளாக், இரண்டு எர்த், ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயர் இரண்டு ஜோடி. கரண்டையும் கணக்குப் போடுங்கள். சப்வூஃபருக்கு 500, டோர்களுக்கு 300, ஆக 800 வாட். கிளாஸ் டி ஆம்ப் 80 சதவீதம் திறமையானது என்று வைத்தால் உள்ளே 1000 வாட் போக வேண்டும், சுமார் 70 ஆம்பியர். பாட்டு என்பது ஏறி இறங்குவது, எப்போதும் அவ்வளவு இழுக்காது என்பது உண்மை. ஆனாலும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி போட்ட சின்ன பெட்ரோல் வண்டியில், இரவில் ஏசியும் ஹெட்லைட்டும் ஓடும்போது, பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு மங்குவதைப் பார்க்கலாம்.

ஐந்து சேனல் இவை இரண்டுக்கும் நடுவில். பயனியரின் ஜிஎம்-டி9705இல் டோர்களுக்கு 75 வாட் வீதம் நாலு, சப்வூஃபர் சேனல் 4 ஓமில் 350, 2 ஓமில் 600. டூயல் 4 ஓம் சப்வூஃபர் இதற்குப் பொருத்தமான ஜோடி. ஒரே பவர் வயர், ஒரே எர்த், டிக்கியில் இடமும் மிச்சம். பின் சீட்டில் தினமும் ஆள் உட்காரும் குடும்ப வண்டி என்றால் முதல் வழியைவிட இதையே எடுக்கச் சொல்வேன். குறை என்னவென்றால் ஒரு ஆம்ப் பழுதானால் வண்டி முழுக்க ஊமை. நாளைக்குப் பெரிய சப்வூஃபர் ஆசை வந்தாலும் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும்.

சீட்டுக்கு அடியில் போகும் சப்வூஃபரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் சிஎன்ஜி வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும்போது 12 இன்ச் பெட்டியை எங்கே வைப்பது? ஜேபிஎல்லின் பேஸ்புரோ எஸ்எல் போன்றவை 8 இன்ச், 125 வாட் ஆர்எம்எஸ். பேஸ் கிடாரின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதைக் கேட்கவாவது செய்யலாம், உடம்பில் உணர முடியாது. வாங்குமுன் சீட்டை முழுக்க இறக்கி, அடியில் இருக்கும் உயரத்தை அளந்து பாருங்கள். சில மைல்டு ஹைப்ரிட் மாருதிகளில் இடது முன் சீட்டுக்கு அடியில் ஏற்கெனவே லித்தியம் பேட்டரி குடியிருக்கும். டோர்களுக்கு இந்த வழியில் கூடுதல் வாட் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி வயரிங். எந்த ஆம்ப் என்பதைவிட இதில்தான் வேலை கெடுகிறது. கிட்டில் வரும் வயரின் கேஜை (தடிமன் எண், எண் குறைந்தால் வயர் தடிமன்) பார்ப்பதோடு நிறுத்தாமல் பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் அது கடத்துவது சுத்தச் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 8 கேஜ் செம்பு வயர் 5 மீட்டர், 45 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். 4 கேஜில் 0.2 வோல்ட்கூடப் போகாது. முதல் வழிக்கே 4 கேஜ் போட்டுவிட்டால் பின்னால் கவலை இல்லை.

பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது வயரை, ஆம்பை இல்லை. என்ஜின் பக்கமிருந்து வயர் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் கிராமெட் (வளையம்) இல்லாவிட்டால், தகட்டின் விளிம்பு மாதக்கணக்கில் உரசி உறையை அறுத்துவிடும். ஃபியூஸும் தள்ளி இருந்தால் அங்கேயே தீப்பிடிக்கும்.

எர்த்துக்கு டிக்கியில் ஏதோ ஒரு ஸ்க்ரூவைத் தேடிப் பிடித்துச் சொருகுவதுதான் வழக்கம். அங்கே பெயின்ட் இருக்கும், பெயின்ட்டில் கரண்ட் போகாது. எமரி பேப்பரால் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, வயரின் முனையில் லக் வைத்து கிரிம்ப் செய்து, ஸ்டார் வாஷர் போட்ட போல்ட்டால் இறுக்கி, மேலே கொஞ்சம் பெயின்ட்டோ கிரீஸோ தடவினால் துரு ஏறாது. நீளம் ஒன்றரை அடிக்குள், பவர் வயரின் அதே கேஜ். புது ஓட்டை போடுவதானால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல கார்களில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஏறினால் முதல் சந்தேகம் இந்த எர்த்தின் மேல், அடுத்தது பவர் வயரோடு சேர்த்துக் கட்டிய ஆர்சிஏ மேல். பவர் வயர் ஒரு பக்கம் போனால் ஆர்சிஏ மறுபக்கம் போகட்டும்.

கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாதவர்களுக்கு ஆர்சிஏ இருக்காது. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கி, வண்டிக்கான டி-கப்ளர் (வயரை வெட்டாமல் நடுவில் செருகும் இணைப்பு) வழியாக ஸ்பீக்கர் சிக்னலை எடுக்கலாம். வயரை வெட்டி ஒட்டினால் வாரன்டி பேச்சு வரும். வெளி ஸ்டீரியோ என்றால் வெள்ளைக் கோடு போட்ட நீல வயர்தான் ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் முனைக்கு. வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு.

ஆம்பின் கெயின் திருகி, ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு. அதை வால்யூம் என்று நினைத்துத் திருப்பக் கூடாது. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, சப்வூஃபர் பக்கம் 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட்: 300 வாட், 4 ஓமுக்கு 34.6, முன் டோரின் 100 வாட்டுக்கு 20, அதற்கு 1000 ஹெர்ட்ஸ் டோன். டோர்களின் வாட் தாங்கும் அளவு அதைவிடக் குறைவென்றால் அந்த எண்ணையே கணக்கில் போடுங்கள். டோர்களில் ஹை பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வடிகட்டுவது) 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபரில் லோ பாஸ் (மேலே உள்ளதை வடிகட்டுவது) அதே 80 என்று ஆரம்பித்து, காதுக்கு ஏற்றபடி நகர்த்தலாம். பேஸ் பூஸ்ட் திருகி மட்டும் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். அதில் 12 டெசிபெல் ஏற்றினால் அந்த ஹெர்ட்ஸில் ஆம்ப் 16 மடங்கு வாட் தர வேண்டும், 300 வாட் ஆம்பிடம் அது கிடையாது.