இலவம்பாடிப் பக்கம் இரண்டு தோட்டங்கள்

சிங்கப்பூரிலிருந்து காட்பாடிக்கு வந்தால் கோட்டை, தங்கக் கோயில், உறவினர் வீடுகள் என்றே விடுமுறை தீர்ந்துவிடும். இந்தப் பொங்கலுக்கு அம்மாவோடு வேலூருக்குப் பக்கத்தில் உள்ள அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் போய், மருந்தடிக்காமல் பயிர் செய்யும் இரண்டு குடும்பங்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் தோட்டம் இலவம்பாடி அருகில், ஒன்றரை ஏக்கர். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்திரிக்காய் அங்கேதான். காம்பில், தண்டில், இலையில் எல்லாம் முள். தோட்டக்கார அக்கா வெறுங்கையால் பறிப்பதைப் பார்த்து அம்மா பதறிப்போனார். "பழகிடுச்சிம்மா" என்றவர், பேச்சுக்கு நடுவில் வாடித் தொங்கும் நுனிகளைக் கிள்ளிக் கிள்ளி ஒரு வாளியில் போட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே துளைப்பான் புழு. நுனியை அப்போதே கிள்ளி அழித்தால் அந்தப் புழு காய்க்குப் போகாது. அதோடு ஆண் அந்துப்பூச்சிகளை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும், 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்த கரைசலும். தினமும் இரண்டு மணி நேரம் குனிந்து கிள்ளும் வேலை. ஊரில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியவள் நான். இனி வாய் வராது.

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், மண்ணுக்கு ஊட்டமாக விடும் ஜீவாமிர்தக் கரைசலைக் கலக்கும் டிரம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. இரண்டு நாள் நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டு, பாசனத் தண்ணீரோடு விடுகிறார்கள்.

இரண்டாவது வீட்டில் அரை ஏக்கரில் ஆற்காடு கிச்சிலிச் சம்பா என்ற நாட்டு நெல். அறுவடை முடிந்திருந்தது. நெல்லை விளைவிப்பதைவிட அரைப்பதுதான் பாடு என்றார் பெரியவர். "நாலு மூட்ட கொண்டும்போனா மில்லுல ஓட்டமாட்றாங்கம்மா." நாட்டு நெல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற நாம் எல்லோரும் கேட்க வேண்டிய பேச்சு இது. சிறு அளவில் அரைத்துத் தர ஊருக்கு ஒரு இயந்திரம் இருந்தால் போதும்.

போக நினைப்பவர்களுக்கு: வேலூரிலிருந்து ஒடுகத்தூர் பேருந்தில் போங்கள். நாங்கள் எடுத்த வாடகைக் கார் பேசியதைவிட 600 ரூபாய் அதிகம் கேட்டது. முதல் நாளே போன் செய்துவிட்டுக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பறிப்பு முடிந்துவிடும். கழிவறை வீட்டுக்குள்தான், கூச்சப்படாமல் கேளுங்கள், அம்மாவுக்கு வெந்நீரே வைத்துக் கொடுத்தார்கள். சிங்கப்பூர் எண்ணோடு இணைத்த என்ஆர்இ (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான இந்திய வங்கிக்) கணக்கிலிருந்து யுபிஐ போனது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அரை நாள் வேலையை விட்டுவிட்டு எங்களோடு நடந்தார்கள், சோறு போட்டார்கள், காசு வாங்க மறுத்துவிட்டார்கள். கத்திரிக்காய்க்கும் அரிசிக்கும் அவர்கள் சொன்ன விலைதான் கொடுக்க முடிந்தது. அடுத்த முறை கிளம்பும் முன்பே பேசி, பார்க்க வருவதற்கும் ஒரு தொகை என்று முடிவு செய்துகொண்டுதான் போவேன்.