கொத்தவரை விதைப் பொடியோடு மூன்று வருடம்

2022 பங்குனியில்தான் இந்தப் பொடி என் குசினிக்குள் வந்தது. இலங்கையில் பொருளாதார நெருக்கடி; எரிவாயுவுக்கு வரிசை, ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு சின்னதாக ஐஸ்கிறீம் செய்து விற்கிற எனக்கு இரண்டுமே அடி. விறகடுப்பில் சோளமாக் கலவை அடிப்பிடித்துக்கொண்டே இருந்தது. கரண்ட் போய் வரும்போது உருகித் திரும்ப உறைந்த ஐஸ்கிறீமோ, வாயில் மணல் மாதிரிக் கடிபட்டது. அப்போது கொழும்பிலிருந்து மச்சாள் அனுப்பியதுதான் கால் கிலோ குவார் கம்.

கொத்தவரை விதையின் உட்பருப்பை அரைத்த மாதான் அது. பச்சைத் தண்ணீரிலேயே தடிக்கும், அடுப்பு வேண்டாம். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஐஸ் பளிங்குகள் பெரிதாக வளராது. கரண்ட் போய் வந்த பெட்டியிலும் ஐஸ்கிறீம் முன்னைப்போல நறநறக்கவில்லை.

முதல் நாள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு கரண்டியை அப்படியே பாலில் கொட்டினேன். கட்டி கட்டியாக மிதந்தது. ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தால் வெளியே வழுவழுவென்று களி, உள்ளே துளி ஈரமில்லாத வெள்ளை மா! வெளித்தோல் உடனே ஊறி, உள்ளே தண்ணீர் போகவிடாமல் அடைத்துவிடுகிறது. அதன்பிறகு, பத்துப் பங்கு சீனியோடு உலர்வாகக் கலந்து, பாலை அடித்துக்கொண்டே தூவுகிறேன். ஒரு லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி போதும். இருபது நிமிடம் பொறுக்க வேண்டும். தடிக்கவில்லையே என்று அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் போட்டால் கதை முடிந்தது, கயிறு மாதிரி இழுபடும். லேசான பயற்றங்காய் வாசமும் எட்டிப் பார்க்கும்.

குறையும் இருக்கிறது. மாம்பழப் பால் கலக்கி இரவு பிரிட்ஜில் வைத்தேன், காலையில் அடியில் தண்ணீராகப் பிரிந்து கிடந்தது. தனிக் குவார் கம் பாலோடு நெடுநேரம் ஒத்துப்போகாது. அதனால்தான் கடை ஐஸ்கிறீமில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜினனையும் சேர்க்கிறார்கள். தேங்காய்ப்பால் டின்னில் ஈ412 என்ற சேர்க்கை எண் இருந்தால் அது குவார் கம்தான். அப்புறம், கடற்காற்றில் பக்கற்றைத் திறந்து வைத்தால் கல்லாகிவிடும். நான் இறுக்கமூடிப் போத்தலில் வைத்திருக்கிறேன். கால் கிலோ எனக்கு நான்கு மாதம் போல வரும்.

பக்கத்து வீட்டு அக்கா, இது நார்ச்சத்துத்தானே, மெலிய வெறுமனே விழுங்கலாமா என்று கேட்டா. வேண்டவே வேண்டாம் என்றேன். அமெரிக்காவில் குவார் கம் சேர்ந்த மெலியும் மாத்திரைகள் தொண்டைக்குழாயில் ஊதி அடைத்து, 1990களின் தொடக்கத்தில் சந்தையை விட்டே போயின. உணவில் சிட்டிகையாகக் கரைந்திருப்பது வேறு, உலர்ந்த பொடியை விழுங்குவது வேறு.

காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழில் மட்டும் இதன் கை எட்டாது. கூழ் ஐதாகிவிட்டதென்று ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை போட்டேன். பனையோலைப் பிளாவை வாயில் வைத்தவுடனேயே, “இதென்ன, வெண்டிக்காய் கழுவின தண்ணியா?” என்று கேட்டா. மீதியை நான்தான் குடித்து முடித்தேன்.